‘கு’ என்று எழுதிய வீடுகள்

என் கையெழுத்து அழகாக இருக்கும். அதைச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. தொண்ணூறுகளின் பின்பாதியில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, மேலே படிக்க வழியில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்கென்று இருந்த ஒரே சொத்து அதுதான். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும், கல்யாணப் பத்திரிகை உறையில் பெயர் எழுத வேண்டுமானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கையெழுத்து என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீடு திண்டுக்கல் ஊருக்குள், ஓடைக்கரையில் வரிசையாக இருந்த ஒற்றை அறை லைன் வீடுகளில் ஒன்று. எங்கள் கரையில் எங்கள் சாதிக்காரர்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் இதேபோல இன்னொரு வரிசை. அங்கே வேறு சாதிக்காரர்கள். அப்பா வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்குபவர். அந்தக் கரை ஆண்கள் பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு வேலைக்குப் போவார்கள். எங்கள் வீட்டுத் துணியில் வெங்காய வாடை அடிக்கும், அவர்கள் வீட்டுத் துணியில் தோல் வாடை அடிக்கும். இரண்டு கரைக்கும் அது ஒன்றுதான் வித்தியாசம் என்று இன்றைக்குச் சொல்லுவேன். அன்றைக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

இரண்டு கரையிலும் குழாய் கிடையாது. மூன்று தெரு தள்ளி, பெரிய தெரு முனையில் ஒரு பொதுக் குழாய். பத்து நாளைக்கு ஒரு முறை நல்ல தண்ணீர் வரும், வெயில் காலத்தில் பதினைந்து நாளும் ஆகும். மற்ற நாட்களில் அதே முனையில் இருந்த அடிபம்பில் உப்புத் தண்ணீர். எதுவானாலும் இடுப்பில்தான் வர வேண்டும்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பை இறங்கியிருந்தது. எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் தங்காமல் போனதில் வந்த கோளாறு. பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, “வெயிட் தூக்கவே கூடாது” என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். வீட்டு வாசலுக்கு வந்ததும் அம்மா என்னைப் பார்த்து, “ஏன்டி, தண்ணிக் கொடமும் வெயிட்டுல சேத்தியா?” என்று கேட்டாள். அவள் உண்மையிலேயே சந்தேகமாகத்தான் கேட்டாள்.

குனிந்து குடத்தை எடுக்கும்போதுதான் அவளுக்கு உயிர் போகும். இடுப்புக்கு வந்துவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிடுவாள். அந்தத் தூக்கிவிடுகிற வேலையைச் செய்தவர் எதிர்க்கரை அக்கா ஒருவர். அம்மாவைவிட ஐந்தாறு வயது மூத்தவர், நல்ல ஆகிருதி. “ஏ புள்ள, நகரு” என்று சொல்லி ஒரே தூக்கில் குடத்தை எடுத்து அம்மாவின் இடுப்பில் வைப்பார். நான் தூக்கப் போனால், “வயசுப் புள்ள நீ தூக்காத, நாளப்பின்ன ஒனக்கும் இதே கதிதான்” என்று என்னை விரட்டிவிடுவார்.

அந்த வருஷம் நகராட்சித் தேர்தல் வந்தது. அப்பா மூட்டை தூக்கும் கமிஷன் மண்டியின் முதலாளி எங்கள் வார்டில் நின்றார். எங்கள் சாதிக்காரர். பேட்டையில் அவர் அப்பாவை எப்படிக் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரியும். சாப்பாடு கொண்டுபோகும்போது கேட்டிருக்கிறேன். “ஏலே, அந்த மூடையத் தூக்கி இங்கிட்டுப் போடு” என்பார். அப்பா அவரைவிட மூத்தவர்.

அந்த மனிதர் ஒரு நாள் எங்கள் கரைக்கு வந்தார். வேட்டியைத் தழையவிட்டு, கைகூப்பி, தெருமுனையில் நின்றபடி அப்பாவைப் பார்த்து, “மாமா, நல்லாருக்கீகளா?” என்றார்.

அப்பா ஆடிப்போய்விட்டார். என் கண்முன்னால் ஒரு மனிதர் ஒரே வார்த்தையில் அரை அடி வளர்ந்ததை நான் பார்த்தேன். “வாங்க மாப்பிள்ள” என்றார். அவருக்கு என்ன கேட்பது என்றே தெரியவில்லை. அம்மாதான் பின்னால் நின்று முதுகில் இடித்தாள்.

“ஒண்ணே ஒண்ணு மாப்பிள்ள. நம்ம கரைக்கு ஒரு கொழா. இவளுக்கு ஒடம்பு ஆகல.”

“இம்புட்டுத்தானா மாமா? ஜெயிச்ச மறுவாரம் தண்ணி வரும். நாம வேற ஆளா?”

அதோடு முடிந்தது. எங்கள் கரையில் அந்த மாதம் முழுக்க ஒரே சொல்தான் புழங்கியது: நம்மாளு. நம்மாளு நிற்கிறார், நம்மாளு வந்தால் நமக்குச் செய்வார், நம்மாளை விட்டுக்கொடுக்கலாமா. டீக்கடையில் ஆண்கள் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணுவார்கள்: இந்தத் தெருவில் நம்ம தலை எத்தனை, அவங்க தலை எத்தனை, கோயில் தெருவில் ஓட்டுப் பிரிந்தால் யாருக்குச் சேதாரம். பேப்பரில் எழுதுகிறவர்களும் அந்தக் கணக்கைத்தான் எழுதினார்கள். யாருக்குக் குழாய் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று ஒருவரும் விரல்விட்டு எண்ணியதாக எனக்கு ஞாபகமில்லை.

எதிர்த்து நின்றவர் ஒரு லாரி முதலாளி. அவர் அந்தக் கரைக்காரர்களின் சாதி. எனவே அந்தக் கரையிலும் ‘நம்மாளு’ என்ற சொல் ஓடியது. போஸ்டர் கிழிந்ததில் ஆரம்பித்து, வாய்ச்சண்டையாகி, ஓடையின் இரு பக்கமும் பேச்சுவார்த்தை நின்றது. அக்கா குழாயடியில் அம்மாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவும் கூப்பிடவில்லை. குழாய் வரப்போகிறது என்ற தைரியம். தானே குனிந்து, தானே எடுத்து, அன்றைக்கு இரவெல்லாம் சுருண்டு படுத்துக் கிடந்தாள்.

என் கையெழுத்துக்கு வேலை வந்தது அப்போதுதான். மண்டியின் கணக்குப்பிள்ளை அச்சடித்த ஓட்டர் லிஸ்ட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில் பென்சிலில் ஒரு எழுத்து குறித்திருந்தது. தெருத்தெருவாக, வீட்டு வாரியாக, பெயரும் அந்தக் குறியுமாக நீள நோட்டில் அழகாக எழுதித் தர வேண்டும். அப்பா காசு வேண்டாம் என்றுவிட்டார். நம்ம வேலைக்கு யாராவது கூலி வாங்குவார்களா?

குறிகள் இரண்டே. ஒன்று ‘நே’. இன்னொன்று ‘கு’. பெரிய தெரு வீடுகளுக்கெல்லாம் ‘நே’ போட்டிருந்தது. எங்கள் கரை வந்ததும் வரிசையாக ‘கு’. எங்கள் வீட்டுக்கும் ‘கு’. எனக்கு உடனே புரிந்துவிட்டது. அல்லது புரிந்ததாக நினைத்தேன். ‘கு’ என்றால் குடும்பம். நாங்கள் அவருடைய குடும்பத்து ஆட்கள். பெரிய தெருவில் எங்கள் சாதிக்காரர்கள் இருந்தாலும் காசுக்காரர்கள் அங்கிட்டும் இங்கிட்டும் சாய்வார்கள், அதனால் அவர்களுக்கு வேறு குறி. நாங்கள்தான் உறுதியான சொந்தம். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக யோசித்திருக்கிறேன் பாருங்கள்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் நோட்டை வாங்கி, எழுத்துக்கூட்டி, தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த ‘கு’வை விரலால் தடவிப் பார்த்தார். அன்று சாயங்காலத்துக்குள் கரை முழுக்கச் செய்தி போய்விட்டது. “லிஸ்ட்டுலயே நம்மளக் குடும்பம்னு போட்டுருக்காகப்பா” என்று அப்பா வீடு வீடாகச் சொன்னார். ஒரு கிழவர் என்னிடம் வந்து, தன் பெயரிலும் போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பார்த்துச் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு நாள் கழித்து லிஸ்டின் பின்பாதியை எடுத்தேன். எதிர்க்கரை வந்தது. முதல் வீடு, ‘கு’. இரண்டாவது வீடு, ‘கு’. பக்கத்தைப் புரட்டினேன். அத்தனையும் ‘கு’. அக்கா வீட்டுக்கும் ‘கு’. அதற்கடுத்து அவர்கள் சாதியில் வசதியானவர்கள் குடியிருக்கும் மாடிவீட்டுத் தெரு. அங்கே எல்லாம் ‘நே’.

கணக்குப்பிள்ளை எங்கேயோ அசந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். தப்பைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் நோட்டை எடுத்துக்கொண்டு பேட்டைக்கே போனேன். மண்டியில் ஏலம் முடிந்து ஆட்கள் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் இருந்தார்.

“அண்ணே, ஓடைக்கு அங்கிட்டு இருக்கவங்களுக்கும் குடும்பம்னு போட்டிருக்கீங்க. மாத்திரவா?”

“என்ன குடும்பம்?”

“இதாண்ணே. ‘கு’.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கெட்ட மனிதர் இல்லை, வேண்டுமென்று சிரிக்கவும் இல்லை. அடக்க முடியாமல் வந்த சிரிப்பு.

“குடும்பம் இல்ல பாப்பா. குடம். எவர்சில்வர் குடம். லைன் வீட்டுக்கு ஆளுக்கொரு குடம் குடுத்துட்டாப் போதும். ‘நே’ போட்ட வீட்டுக்கு முதலாளி நேருல போய் உக்காந்து பேசணும். அதுல நம்ம சனம், அவுக சனமெல்லாம் பாக்குறதில்ல.”

நான் நோட்டை மூடினேன். அவமானமா, கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஊரே தலையை எண்ணிக்கொண்டிருந்தபோது இந்த மனிதர்கள் மட்டும் எங்களை வேறு மாதிரி எண்ணி முடித்திருந்தார்கள். நாங்கள் ஒரு மாதமாகப் பேசாமல் இருந்த எதிர்க்கரையும் நாங்களும் அந்த நோட்டில் ஒரே எழுத்து. எங்கள் சாதிப் பெரிய தெருவும் அவர்கள் சாதி மாடிவீட்டுத் தெருவும் வேறொரு எழுத்து. அதைக் கண்டுபிடிக்க ஒரு பென்சில் போதுமாக இருந்திருக்கிறது.

திரும்பிப் பார்த்தேன். அப்பா தோளில் மூட்டையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது. மூட்டையை இறக்கி வைத்தார். “எழுதி முடிச்சிட்டியா? முடிச்சுட்டு வீட்டுக்குப் போ” என்றார். கரையில் யாரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவார்? வீடு வீடாகப் போய்ப் பெருமை அடித்தவர் அவர்தானே. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

குடம் வந்தது. அம்மா அதைக் கையில் வாங்கியதுமே, “ஆத்தாடி, பிளாஸ்டிக்கே தூக்க முடியல, இது வெறுங்கொடமே இந்தக் கனம் கனக்குதே” என்றாள். தண்ணீர் வந்த நாளில் குழாயடியில் நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். இரண்டு கரைப் பெண்களும் ஒரே மாதிரி பளபளவென்று குடத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். எது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மாவின் குடத்தை அக்கா எடுத்துக்கொண்டு நடக்க, அம்மா ஓட முடியாமல் பின்னால் கத்த, அக்கா நின்று திரும்பினார்.

“ஒனக்கும் இதேதானா?” என்று கேட்டார்.

“இதேதான்க்கா.”

“நீங்க சொந்தக்காரவுகள்ல? ஒரு அண்டாவாச்சும் குடுத்துருப்பாகன்னு நெனச்சேன்.”

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அக்கா குடத்தைத் தூக்கி அம்மா இடுப்பில் வைத்தார். அன்றிலிருந்து பேச்சு வந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா தன் குடத்தின் கழுத்தில் பச்சைத் துணி ஒன்றைக் கட்டிவைத்தாள்.

மண்டிக்காரர் ஜெயித்தார். குழாயும் போட்டார், பெரிய தெருவில், வீட்டுக்கு வீடு உள்ளேயே வருகிற மாதிரி. அப்பா இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். இரண்டாவது முறை, “ஏலே, வேல நேரத்துல என்னலே கொழா?” என்று பதில் வந்ததாம். அதற்குப் பிறகு அப்பா கேட்கவில்லை. அம்மா சுமந்தாள். மூன்றாவது வருஷம் ஒரு நாள் குழாயடியிலேயே ரத்தம் போய் விழுந்தாள். அக்காவும் இன்னொரு பெண்ணும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். நாற்பது நாளில் மறுபடி அவள் இடுப்பில் குடம் இருந்தது.

அடுத்த தேர்தல் வந்தபோது நான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்தின் காலம் முடிந்திருந்தது. இந்த முறையும் மண்டிக்காரரும் லாரிக்காரரும்தான் எதிரும் புதிருமாக நின்றார்கள். எங்கள் கரையில் மறுபடியும் ‘நம்மாளு’ பேச்சு. நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

ஒரு மத்தியானம் லாரிக்காரரின் ஆள் ஒருவர் கடைக்கு வந்தார். கையில் ஒரு கட்டு ஜெராக்ஸ் தாள். “ஓட்டர் லிஸ்ட்டும்மா. புதுசா சேந்தவங்க பேரு கடைசியில இருக்கு. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுங்க” என்று மேசையில் போட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கையெழுத்து. என்னுடைய சுழி, என்னுடைய கொம்பு, ஒவ்வொரு தெருப் பெயருக்கும் கீழே நான் ஸ்கேல் வைத்துப் போட்ட இரட்டைக் கோடு. பக்கத்தைத் தள்ளினேன். எங்கள் கரை. எங்கள் வீடு. அம்மாவின் பெயர். அதற்கு நேரே நானே குண்டு குண்டாக எழுதிய ‘கு’. தாளை அவர் பக்கம் திருப்பினேன்.

“இது மண்டிக்காரர் லிஸ்ட்டுல்ல? அவர எதுத்துத்தான நிக்கிறாரு உங்க மொதலாளி?”

“ஆமா. அவர்ட்ட கேட்டு வாங்குனதுதான். அவரு சரக்கு பூராம் நம்ம லாரியிலதானம்மா போகுது. எலெக்சன் வேற, தொழில் வேற.”

“குறியெல்லாம் அப்படியே அடிக்கவா?”

“அப்படியே அடிங்க. அதுல மாத்த என்ன இருக்கு?”

ஓடையின் இரண்டு பக்கமும் எத்தனை பேர் மண்டை உடைபடாமல் தப்பித்தோம், அம்மா எத்தனை நாள் தூக்கிவிட ஆளில்லாமல் தவித்தாள் என்பதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த இரண்டு பேரும் ஒரே நோட்டைக் கைமாற்றிக்கொண்டிருக்கிறார்கள். உட்கார்ந்து ‘கு’, ‘கு’ என்று அடிக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் கரைக்கும் எதிர்க்கரைக்கும் வரிசையாக ‘நே’ என்று அடித்துக் கொடுத்துவிட்டேன். பெரிய புரட்சி என்று நினைக்க வேண்டாம். அடித்த பிறகு வேலை போய்விடுமோ என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் லாரிக்காரர் நேரில் வந்தார். நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். லைன் வீடுகளைப் பார்த்ததும் அவர் முகத்தில் குழப்பம் தெரிந்தது. கூட வந்த வேறொரு ஆளிடம் தாளை வாங்கிப் பார்த்தார். வந்தாயிற்று, திரும்ப முடியாது. கரையின் முதல் வீடு எங்களுடையது. உள்ளே வந்து, அப்பா விரித்த பாயில் உட்கார்ந்தார். வெயிலில் வந்ததால், “கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா” என்றார்.

அம்மா பச்சைத் துணி கட்டிய குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு பேசினாள். அம்மா வெளியாள் முன்னால் அத்தனை பேசி நான் கேட்டதே இல்லை.

“அய்யா, இது போன தடவ அவுக குடுத்த கொடம். எங்களுக்குக் கொடம் வேணாம்யா. ஒரு கொழா போட்டுக் குடுங்க. மூணு தெரு தள்ளிப் போயி கொடத்தத் தூக்கித் தூக்கி, என் வயித்துல இருந்ததையே அறுத்து எடுத்துப்புட்டாக.”

கூட வந்த ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். லாரிக்காரருக்கு உண்மையிலேயே பாவமாகத்தான் இருந்தது. “அடடா” என்றார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தார். நான் மாற்றி அடித்த ஒரு எழுத்து அவரை இந்தப் பாயில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது, ஒருவேளை குழாயே வந்துவிடுமோ என்று ஒரு நிமிஷம் நம்பினேன்.

அவர் தன் ஆளின் பக்கம் திரும்பினார்.

“ஏப்பா, இந்தம்மாவுக்குக் கொடம் வேணாமாம், தூக்க முடியாதாம். தூக்குவாளின்னு எழுதிக்க.”

அவன் எழுதிக்கொண்டான். அவர் அம்மாவைக் கும்பிட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஜீப்பில் ஏறினார். அம்மா அந்தச் சொம்பை எடுத்து வைத்தாள். அப்பா பாயைச் சுருட்டினார்.

மறுநாள், முன்பு லிஸ்ட் கொடுத்துவிட்டுப் போன அதே ஆள் திருத்திய தாளோடு கடைக்கு வந்தார். “ரெண்டு தெரு பூராம் தப்பா அடிச்சிருக்கீங்கம்மா. எல்லாம் ‘கு’. ஒரே ஒரு வீடு மட்டும் மாத்தம்” என்றார். எங்கள் வீட்டுக்கு நேரே சிவப்புப் பேனாவில் புதுக்குறி இருந்தது. நான் மறுக்கவில்லை, எழுந்து போகவும் இல்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். வரிசையாக ‘கு’ அடித்துக்கொண்டே வந்து, அம்மாவின் பெயருக்கு நேரே அந்த ஒற்றை எழுத்தை அடித்தேன். அடித்துவிட்டு, சரிபார்க்கிற மாதிரி அதை வாய்விட்டுப் படித்தேன்.

“தூ.”

கடைக்காரர் ஜெராக்ஸ் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தினார். “யாரப் பாத்தும்மா துப்புற?” என்றார்.

“லிஸ்ட்டத்தாண்ணே படிக்கிறேன்” என்றேன்.